ஜெயக்கொடியின் கைராசி

காணும் பொங்கலன்று மத்தியானம் சாமுண்டீஸ்வரி கறிவேப்பிலை ஒடிக்க வாசலுக்கு வந்திருக்க வேண்டாம். குழம்பில் கறிவேப்பிலை இல்லையென்று அந்த வீட்டில் யாரும் இலையை விட்டு எழுந்துவிடப் போவதில்லை. ஆனாலும் வந்தாள், பார்த்துத் தொலைத்தாள்.

பக்கத்து வீட்டு ஜெயக்கொடி, மாம்பழக் கலர் புடவை கட்டிக்கொண்டு, கையில் துணிப்பையோடு, ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் தாம்பரம் போகிற பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். தனியாக நின்றிருந்தால் சாமுண்டிக்கு வருத்தம் மட்டும்தான் வந்திருக்கும். பக்கத்தில் மீன்காரி பாப்பா நின்றாள். தலையில் கூடை இல்லை. கொண்டையில் ஒரு முழம் கனகாம்பரம் இருந்தது. பஸ் வந்ததும் பாப்பா ஜெயக்கொடியின் முழங்கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டாள், ஏதோ அவளுக்குப் பஸ் ஏறத் தெரியாத மாதிரி.

சாமுண்டிக்கு வயிறு எரிந்தது. பக்கென்று பிடித்துக்கொண்ட எரிச்சல்.

இதில் எரிய என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு அந்த இரண்டு பேருடைய பழக்கம் தெரியாது. ஒரே ஆவணி மாதத்தில் அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவர்கள். சாமுண்டியின் புருஷன் துரைராஜும் ஜெயக்கொடியின் புருஷன் தயாளனும் பங்காளிகள், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில். ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலமெல்லாம் மனை மனையாகக் கைமாறி, நெல் காயப்போட்ட களத்தில் துரைராஜ் சிமெண்டு மூட்டை அடுக்கி விற்கத் தொடங்கின பிறகும், அந்த மதில்மேல் குழம்புக் கிண்ணம் போகாத நாள் கிடையாது.

காணும் பொங்கல் என்றால் இவர்களுக்குத் தாம்பரத்தில் மேட்னி ஷோ. முதலில் புருஷன்மார்களோடு போனார்கள். அவர்கள் சீட்டாட்டத்துக்கு ஒதுங்கியதும் இவர்கள் இரண்டு பேர் மட்டும் போனார்கள். சாமுண்டிக்குக் கடைவாய்ப்பல் ஒன்று உடைந்துபோனதால் கரும்பு கடிக்க முடியாது. அதனால் ஜெயக்கொடி கரும்பைச் சீவி, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, துணிப்பையில் போட்டு எடுத்து வருவாள். படம் ஓட ஓட இவள் மென்றுகொண்டிருப்பாள். சக்கையைக்கூட ஜெயக்கொடிதான் முந்தானையில் வாங்கிக்கொள்வாள். பெற்ற தாய்கூட சாமுண்டியை அப்படிச் சீராட்டியதில்லை.

எண்பத்து நாலு ஆடியில் தயாளன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அடுத்து வந்தது துக்கப் பொங்கல், சினிமாப் பேச்சே இல்லை. இது எண்பத்தாறாம் வருஷத்துப் பொங்கல். இந்த வருஷம் போயிருக்கலாம். சாமுண்டிதான் கூப்பிடவில்லை. 'கூப்பிட்டால் பாவம், அவளுக்குச் சங்கடம். அவளே வாய்விட்டுக் கேட்கட்டும்' என்று தனக்குள் ஒரு நியாயம் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் அவளுக்குப் பயம். புருஷனைப் பறிகொடுத்தவளைப் பண்டிகை நாளில் சினிமாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள் என்று பங்காளி வீட்டுப் பெண்கள் வாயில் போட்டு மெல்லுவார்களே என்கிற பயம். அதற்குத்தான் சங்கடம் என்று நல்ல பேர் வைத்திருந்தாள்.

இப்போது கூப்பிட ஆள் வந்துவிட்டது, பனையூர் கடற்கரையிலிருந்து.

பாப்பா அந்தத் தெருவுக்கு வரத் தொடங்கி ஐந்தாறு மாதம்தான் இருக்கும். கூடையை ஏற்றிக்கொள்ள மனசு வைக்கிற கண்டக்டர் கிடைக்கிற பஸ்ஸில் மேடவாக்கம் வழியாக வருவாள். முதல் நாள் நேராக ஜெயக்கொடி வாசலில் நின்று, "யக்கா, ஒரு கை புடி, கூடைய எறக்கணும்" என்றாள். சாமுண்டி மதிலுக்கு இந்தப் பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், வாசலில் பேசினது காதில் விழுந்தது.

"வேற வூட்ல போணி பண்ணிக்கினு வா. நான் அப்பறமா வாங்கறேன்" என்றாள் ஜெயக்கொடி.

"இன்னாத்துக்கு?"

"மொத வியாபாரம் என் கையால வேணாம்."

பாப்பா கூடைக்கு அடியிலிருந்தே கண்ணைத் தாழ்த்தி அவள் கையைப் பார்த்தாள். "கை நல்லாத்தானே கீது?"

அன்றைக்குச் சாமுண்டிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாப்பா விடவில்லை. ஜெயக்கொடி கொடுத்த நோட்டைக் கண்ணில் ஒற்றி, கூடை விளிம்பைத் தொட்டு, சுருக்குப் பையில் செருகிக்கொண்டு போனாள். செம்பாக்கம் தாண்டுவதற்குள் கூடை காலி. அது தற்செயலோ என்னவோ, மறுநாளிலிருந்து பாப்பாவுக்கு ஜெயக்கொடி கைதான் போணிக் கை. நிச்சயதார்த்தத் தட்டைத் தொடக் கூப்பிடாத கை, மஞ்சள் இடிக்கக் கூப்பிடாத கை, ஒரு மீன் கூடையைத் தினமும் காலையில் தொட்டுத் திறந்துவைத்தது. கூடை இறங்கினால் பேச்சும் இறங்கும். அந்தப் பேச்சு நீண்டது, சிரிப்பு வந்தது, காப்பி வந்தது. மதில்மேல் போகிற கிண்ணம் குறைந்தது. சாமுண்டி எல்லாவற்றையும் பார்த்தாள், கணக்கு வைத்துக்கொண்டாள்.

அன்று கறிவேப்பிலையும் கையுமாக உள்ளே போய், சீட்டாடிக்கொண்டிருந்த துரைராஜிடம், "பல்லு வலிக்குது. தாம்பரம் போய் டாக்டரைப் பாத்துட்டு வரேன்" என்றாள். காணும் பொங்கலன்று எந்தப் பல் டாக்டர் கடை திறந்து வைத்திருப்பான் என்று கேட்க அவனுக்கு நேரமில்லை, கையில் நல்ல சீட்டு விழுந்திருந்தது. "பாத்துப் போய்ட்டு வா" என்றான்.

தியேட்டரில் அவள் பெஞ்சு டிக்கெட் வாங்கினாள். இத்தனை வருஷமும் ஜெயக்கொடியோடு சேரில்தான் உட்காருவாள். இந்த முறை அவர்கள் பெஞ்சு டிக்கெட் எடுத்ததை வரிசையில் ஒளிந்து நின்று பார்த்து, அவர்களுக்கு மூன்று வரிசை பின்னால் தூண் ஓரமாக இடம் பிடித்தாள். பொங்கல் கூட்டம். பிள்ளைகள் அழுதன, சோடாக்காரன் மிதித்துக்கொண்டு போனான்.

படம் சிரிப்புப் படம்தான். பண்டிகைக்கு ஊருக்குப் போகிற ஒரு சிடுமூஞ்சி மில் முதலாளி, அதே பஸ்ஸில் ஒரு பொம்மை விற்கிறவன். பஸ் நடுவழியில் நின்றுபோகிறது. மாட்டு வண்டி, டிராக்டர், பிணம் ஏற்றிப்போன லாரி என்று மாறி மாறி ஏறி இரண்டு பேரும் ஊர் போய்ச் சேர்வதற்குள் உயிருக்கு உயிராகிவிடுகிறார்கள். தியேட்டர் குலுங்கியது. சாமுண்டிக்கு மட்டும் அந்தப் பொம்மைக்காரனைக் கண்டாலே ஆகவில்லை. ஒட்டிக்கொண்டவன், பல்லிளிப்பவன். அந்த முதலாளிக்கு ஊரில் ஒரு பழைய சிநேகிதன் இருந்தான். அவனுக்கு இரண்டே காட்சி. பொங்கல் பானைக்கு முன்னால் முதலாளி பொம்மைக்காரனைக் கட்டிப்பிடிக்கும்போது, அவன் ஓரமாகத் துண்டைப் பிழிந்துகொண்டு நிற்பான். அவனுக்காக அந்தத் தியேட்டரில் அழுத ஒரே ஆள் சாமுண்டி. "இன்னாம்மா, சிரிப்பு சீன்ல போய் அழுவுற?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

படத்தை அவள் பாதிதான் பார்த்தாள். மீதி நேரம் பார்த்தது முன்னால் இருந்த இரண்டு தலைகளை. பாப்பா திரையைப் பார்த்துச் சத்தமாகப் பேசினாள். "டேய், அந்த லாரில ஏறாதடா, பொணம் கீது!" ஜெயக்கொடி சிரித்தாள். தயாளன் போன பிறகு அப்படி அவள் சிரித்து சாமுண்டி கேட்டதில்லை. தோள் குலுங்கி, மூச்சு முட்டி, பாப்பாவின் மேல் சாய்ந்து சிரித்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். இடைவேளையில் விளக்கு எரிந்தபோது அந்தத் துணிப்பை பாப்பாவின் மடியில் இருந்தது. உள்ளே கை விட்டு ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சீவி, நறுக்கின கரும்பு. பாப்பாவுக்குப் பல்லெல்லாம் இரும்பு. முழுக் கரும்பைத் தோலோடு கிழிக்கிற பல். அவளுக்கு எதற்கு நறுக்கின கரும்பு?

சாமுண்டி மீதிப் படத்துக்கு இருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் துரைராஜ், "பல்லு எப்பிடி கீது?" என்று கேட்டான். "புடுங்கணுமாம்" என்றாள்.

பனையூரில் பொங்கலுக்குக் கட்டி வைத்த வலை மறுபடி கடலுக்குப் போக மூன்று நான்கு நாளானது. பாப்பா திரும்பக் கூடையோடு வந்த காலையில், சாமுண்டி தெருமுனையில், ஏரிக்கரை திரும்புகிற இடத்திலேயே காத்திருந்து மறித்துக்கொண்டாள்.

"இன்னா மீனு?"

"வஞ்சிரம் கீது, சங்கரா கீது. வாக்கா, வூட்டாண்ட வரேன்."

"இங்கயே எறக்கு. வஞ்சிரம் முழுசா எனக்குக் குடு. பேரம் பேச மாட்டேன்."

பேரம் பேசாத வாடிக்கையைக் கண்டால் எந்த மீன்காரியும் கூடையை இறக்காமல் இருக்கமாட்டாள். பாப்பா இறக்கவில்லை. "எடுத்துக்கோக்கா. ஆனா மொதக் கை ஜெயாக்கா. அதுங்கையால ஒரு நோட்டு வாங்கிகினு நேரா உன் வூட்டுக்குத்தான் வரேன்."

"என் கைக்கு இன்னா கேடு?"

"கேடுன்னு யாரு சொன்னா? எனக்கு அது கை ராசி."

சாமுண்டியின் வாயில் அப்போது என்ன வரப்போகிறது என்று சாமுண்டிக்கே தெரியாது. "ராசியா? அவ யாருன்னு தெரியுமா உனக்கு? தாலி அறுத்தவ. சொந்தக்காரங்க நாங்களே நல்ல காரியத்துக்கு அவளைக் கூப்பிடறதில்ல. அவ கையால போணி வாங்கிகினு உன் வியாபாரம் வெளங்குமா?"

பாப்பா கூடையை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"தெரியும்க்கா. அதுவே மொத நாளே சொல்லிடுச்சி. எம்புருசனையும் கடலு எடுத்துக்கினு ஆறு வருசமாவுது. எங்க ஊர்ல வூட்டுக்கு வூடு அப்பிடித்தான். தாலி பாத்து போணி வாங்கணும்னா நாங்க யாராண்ட போறது? பூவ மட்டும் நான் வுடல, எனுக்குப் புடிக்கும்."

சாமுண்டி பதிலுக்கு வாயைத் திறந்தாள். பாப்பாவின் கண் தன்னைத் தாண்டிப் பின்னால் போவதைப் பார்த்துத் திரும்பினாள். கிருஷ்ணாயில் டின்னோடு ஜெயக்கொடி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்க வேண்டியதில்லை. முகத்திலேயே இருந்தது.

"பாப்பா, வெயில் ஏறுது. வா, வந்து கூடைய எறக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெயக்கொடி நடந்தாள். சாமுண்டியை ஒரு பார்வையாலாவது திட்டியிருக்கலாம். அதுவும் கிடைக்கவில்லை.

தயாளன் இறந்த வீட்டில், "நான் இருக்கேன்டீ, எவளும் ஒன்ன ஒரு வார்த்தை சொல்ல வுடமாட்டேன்" என்று ஜெயக்கொடியின் தலையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னவள் இதே சாமுண்டிதான். வேறு எவளும் சொல்லவில்லை. கடைசியில் இவளே சொன்னாள். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் மனசு எவ்வளவு கெட்டதென்றால், அந்த அருவருப்புக்கு நடுவிலும், 'முதல் நாளே அவளிடம் சொல்லியிருக்கிறாளே, அவ்வளவு ஒட்டுதலா?' என்று ஒரு பக்கம் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் மதில்மேல் கிண்ணத்தில் பாயசம் வைத்தாள். கிண்ணம் அப்படியே இருந்தது. காக்கை வந்து மூக்கை விட்டது. அதற்கடுத்த நாள் வடை வைத்தாள். காக்கை இப்போது நண்பனையும் கூட்டிக்கொண்டு வந்தது.

இதற்கு நடுவில் துரைராஜ் ஜங்ஷனில் ஹார்ட்வேர் கடை திறக்க நாள் பார்த்துவிட்டான். தையில் ஒரு புதன்கிழமை. களத்து சிமெண்டு வியாபாரம் போய், போர்டு வைத்த கடை. அதற்காகக் கடைசியாக இருந்த ஏரிக்கரை மனையையும் விற்றிருந்தான். கடை நின்றால்தான் குடும்பம் நிற்கும். அதனால் போணிக்குப் பொன்னுரங்கம் மாமாவைச் சொல்லி வைத்திருந்தான். மாமா போணி செய்த கடை எதுவும் மூடினதில்லை என்று ஊரில் பேச்சு. மூடின கடைகளை மாமா தன் கணக்கில் சேர்ப்பதில்லை.

"ஜெயாவைக் கூப்பிட்டீங்களா?" என்று சாமுண்டி கேட்டாள்.

"நீதானே சொன்னே, மத்தியானம் சாப்பாட்டுக்கு வரச் சொல்லலாம், காலைல பூசைக்கு வேணாம்னு?"

சொல்லியிருந்தாள். பொங்கலுக்கு முன்னால், வெங்காயம் உரித்துக்கொண்டே, இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்கிற மாதிரி சொல்லியிருந்தாள். இப்போது அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒரு மீன் கூடைக்குத் தினமும் கிடைக்கிற கை, தன் கடைக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கப் போவதில்லை.

திறப்புக்கு முதல் நாள் காலையில் பாப்பா குரல் கேட்டதும் சாமுண்டி ஜெயக்கொடி வாசலுக்குப் போனாள். இரண்டு பேரும் கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். இவள் போய் நடுவில் மூன்றாவது கையாகப் பிடித்தாள். மூன்று பேர் பிடித்தால் கூடை கோணும். கோணியது. இரண்டு சங்கரா மண்ணில் விழுந்தன.

"உன்ன யாரு புடிக்கச் சொன்னா?" என்றாள் ஜெயக்கொடி. அத்தனை நாளில் முதல் பேச்சு.

"எனக்குப் பொறாமையா கீது ஜெயா." சாமுண்டி மண்ணிலிருந்து மீனைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "இவளைப் பாத்தா வயிறு எரியுது. நீ இவகூட சினிமாக்குப் போனே. கரும்பு நறுக்கிக் குடுத்தே. நானும் வூட்ல பல்லுவலின்னு சொல்லிட்டு வந்தேன், பின்னால உக்காந்து பாத்தேன். அந்த எரிச்சல்லதான் அப்பிடிப் பேசிட்டேன். பேசியிருக்கக் கூடாது. நான் பேசினது தப்பு."

பாப்பா, "பல்லுவலின்னு சொல்லிட்டா வந்தே?" என்று சிரிக்கப் பார்த்தாள். ஜெயக்கொடி சிரிக்கவில்லை.

"கரும்பு உனக்குத்தான் நறுக்கினேன். நீ கூப்பிடுவேன்னு பாத்தேன். மத்தியானம் வரைக்கும் பாத்தேன். அப்பறம்தான் இவ வந்து, கெளம்புன்னா." ஜெயக்கொடியின் குரல் உடைந்தது. "ரெண்டு வருசத்துல ஒரு தடவ, வா ஜெயான்னு நீ கேட்டியா? இவ ஊரு பேரு தெரியாதவ. வாசல்ல நின்னு, உங்கைய குடுன்னு கேட்டா."

சாமுண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது. "இப்ப கேக்கறேன். நாளைக்கு என் கடைக்கு வந்து நீ போணி பண்ணு."

"இங்க, என் வாசல்ல கேக்கறதுக்கு இன்னா? அங்க கேளு. உன் வூட்டுக்காரர் எதிர்ல, மாமா எதிர்ல, எல்லார் எதிர்லயும் கேளு. கேட்டா வரேன்."

புதன்கிழமை காலையில் கடை வாசலில் மாவிலைத் தோரணம், வாழை மரம், உடைத்த பூசணிக்காய். பங்காளி வீடு மொத்தமும் வந்திருந்தது. பூசை முடிந்தது. பொன்னுரங்கம் மாமா வெள்ளை ஜிப்பாவில் முன்னால் வந்து, பையிலிருந்து மடிப்புக் கலையாத நோட்டை எடுத்தார். துரைராஜ் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் கைகட்டி நின்றான். சாமுண்டி மாமா கையிலிருந்த நோட்டையே பார்த்தாள். பேசாமல் இருந்துவிட்டால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். யாரும் அவளைக் குறை சொல்லப் போவதில்லை, ஜெயக்கொடியைத் தவிர.

அப்போது ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். பாப்பாவும் ஜெயக்கொடியும் வேப்பமர நிழலில் தோளோடு தோள் உரசி நின்றிருந்தார்கள். சத்தியமாக அந்த நிமிஷத்தில் அவளுக்கு நியாயம் தர்மம் எதுவும் தோன்றவில்லை. அந்த இரண்டு தோளும் உரசிக்கொண்டிருந்ததுதான் தோன்றியது.

"மாமா, ஒரு நிமிசம்" என்றாள். பிறகு ஜங்ஷன் முழுக்கக் கேட்கிற குரலில், "ஜெயா! வந்து போணி பண்ணுடீ!" என்று கத்தினாள்.

"சாமுண்டி, இன்னா பேசறே நீ?" என்று துரைராஜ் பல்லைக் கடித்தான். மாமா நோட்டை நீட்டின கையோடு அப்படியே நின்றார். ஒரு கிழவி, "ஐயய்யோ, அந்தப் பொண்ணா?" என்றாள்.

"அந்தப் பொண்ணுதான். அவ கைல போணி ஆனா ஒரு கூடை மீனு செம்பாக்கம் தாண்டறதில்ல. என் கடைக்கு அந்தக் கைதான் வேணும்." சாமுண்டி மாமா பக்கம் திரும்பினாள். "மாமா ரெண்டாவதா பண்ணட்டும். மாமா கைக்கு எந்த எடமா இருந்தாலும் ராசிதான்."

அது புகழ்ச்சியா, அவமானமா என்று மாமாவுக்குப் புரிவதற்குள் ஜெயக்கொடி ரோட்டைக் கடந்துவிட்டாள். யாரையும் பார்க்காமல் நேராக வந்து கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

"ஒரு கொண்டி குடு. பின்கதவுக் கொண்டி ரெண்டு வருசமா ஒடஞ்சி கீது. கயிறு போட்டுக் கட்டிகினு கீறேன்."

சாமுண்டிக்குச் சுருக்கென்றது. பக்கத்துக் களத்திலேயே சிமெண்டும் ஜல்லியும் விற்ற வீடு. மதிலுக்கு அந்தப் பக்கம் கொண்டி இல்லாத கதவு இருப்பது தெரியவே இல்லை. இருப்பதில் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். ஜெயக்கொடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வெல கொறச்சுக்கோ" என்றாள்.

"போணில பேரம் பேசாதடீ!"

யாரோ சிரித்தார்கள். ஜெயக்கொடியின் உதடும் இழுத்துக்கொண்டது. நோட்டை நீட்டினாள். துரைராஜ் ஒரு கணம் தயங்கினான். தயாளனோடு ஏரியில் நீந்தின நினைவு வந்ததோ என்னவோ, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டான்.

சாமுண்டி ஜெயித்துவிட்ட நிமிர்வோடு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள், பாப்பாவின் முகத்தைப் பார்க்கத்தான். பார்த்த பிறகுதான் அவள் காலடியில் இருந்த கூடை கண்ணில் பட்டது. ஈரச் சாக்கு போட்டு மூடி, நிறைய இருந்தது. வெயில் நன்றாக ஏறிவிட்டது. வழக்கமாக இந்நேரம் அது பாதி காலியாகியிருக்கும்.

ரோட்டைத் தாண்டிப் போனாள். "இன்னும் ஏன் விக்கல?"

"இன்னிக்கு மொதக் கை உன் கடைக்குன்னு ஆச்சே" என்றாள் பாப்பா, வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "காலைல நான் வாங்கிட்டா உனுக்கு ரெண்டாங்கைதானே வரும்? அதான் விக்காம வச்சிகினு நின்னேன். சீக்கிரம் முடிங்க, மீனு கண்ணு வெளுக்குது."

சாமுண்டி அங்கேயே அழுதுவிட்டாள். அழுகைக்கு நடுவிலும், இவ்வளவு செய்தும் நல்ல பேர் இவளுக்குத்தானே போகிறது என்று ஒரு துளி எரிந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு, தோரணம் கட்டின கடைவாசலுக்கே அந்தக் கூடையைக் கொண்டுவரச் சொன்னாள். பூசை போட்ட இடத்தில் மீனா என்று முகம் சுளித்த பங்காளிப் பெண்களில் பாதிப் பேர் அன்று அங்கேயே வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடை நின்றது. அது யாருடைய கைராசி என்று இன்றைக்கும் பொன்னுரங்கம் மாமா ஒரு கணக்குச் சொல்கிறார், பாப்பா ஒரு கணக்குச் சொல்கிறாள்.

அடுத்த காணும் பொங்கலுக்கு மூன்று பேருமாகத் தாம்பரம் போனார்கள். வா ஜெயா என்று காலையிலேயே மதிலைத் தட்டிக் கூப்பிட்டது சாமுண்டி. பாப்பாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்ததும் அவள்தான். ஆனால் வரிசையில் முதலில் நுழைந்து, மூன்று சேரில் நடுச் சேராகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, நறுக்கின கரும்புப் பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். அதை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.